பதினான்காவது படத்தில் பாதி வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எக்ஸ்ரேக்காரர் பதினான்கு படங்களை ஒரே அமுக்கில் அழித்தார். அழித்த கையோடு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தார். எல்லாம் கெட்டுப்போன படங்கள். அழகான இருட்டில் எவனோ ஒருவன் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து கெடுத்தவை.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று நாளைக்கு அறுபது பேரிடம் சொல்வார். அதற்குமேல் யாரிடமும் பேசிப் பழக்கமில்லாத மனிதர். நிலா இல்லாத சனிக்கிழமைகளில் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் கல்குவாரிக்குப் போய்விடுவார். அங்கே தெருவிளக்கு கிடையாது, செல்போன் டவர் கிடையாது, மனித வாடையே கிடையாது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

வானத்தைப் படமெடுப்பது ஒரு கிளிக்கில் முடிகிற சமாச்சாரம் இல்லை. முக்காலியை அசையாமல் நட்டு, படத்துக்கு இருபத்தைந்து விநாடி என்று முந்நூறு படம் எடுக்க வேண்டும். மறுநாள் அந்த முந்நூறையும் கம்ப்யூட்டரில் நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒற்றைப் படத்தில் புகைமாதிரி தெரிகிற பால்வீதி, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போலத் திரண்டு வரும். நடுவில் ஏரோப்ளேன் போயிருந்தால் அதை நீக்க வேண்டும், பூச்சி பறந்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு படத்தில் இருக்கக்கூடாத இடத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் மனிதர் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுவார். வீட்டில் தெரிந்தால் அழித்துவிடுவார்.

நேற்று ராத்திரி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பதினொன்று ஐம்பத்திரண்டு வரை. அப்போது எதிர்ப்பக்கப் பாறையில், படத்தின் வலது ஓரத்துக்கு நேராக, ஒரு வெளிச்சம் முளைத்தது. கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தது. குடிக்க வந்த பையன்களாக இருக்கும் என்று முடிவுகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பொறுத்தார். காதில் இயர்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூட இல்லை. எழுந்து நின்று, கைகளை வாயருகே குவித்து, வாழ்க்கையில் அதுவரை கத்தாத கத்தலாக ஒரு கத்து கத்தினார்.

"யார்றா அது! லைட்டை அணைடா!"

வெளிச்சம் பட்டென்று அணைந்துவிட்டது. சொன்னால் கேட்கிற பையன்கள் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் எடுத்த நூற்று அறுபத்தாறு படமும் ஒரு தூசு துரும்பு இல்லாமல் வந்தன. மூன்று மணிக்கு வீடு வந்து, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேமராவில் கார்டை ஃபார்மட் செய்துவிட்டுப் படுத்தார். ஏற்றிய கையோடு கார்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது அவர் எந்தக் காலத்திலும் மாற்றாத பழக்கம்.

ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அவருடைய கம்ப்யூட்டர் அறைக்குள் பதினொன்றரை மணிக்கு மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் போன், ஸ்பீக்கரில் அவள் தங்கை.

"ஏங்க, சின்னவ உங்ககிட்ட பேசணுமாம்."

"மாமா, அவரைக் கொஞ்சம் எழுப்பி விடுங்களேன்" என்றது போன். "மணி பதினொண்ணரை ஆகுது. ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் ஊர் சுத்திட்டு, பகல்ல இப்படித் தூங்கினா என்ன அர்த்தம்?"

"யாரை எழுப்பணும்?"

"வேற யாரை? உங்க சகலையைத்தான்."

சகலை என்றால் அந்தத் தங்கையின் புருஷன். டைல்ஸ் கடையில் விற்பனையாள். கல்லைக்கூடச் சிரிக்க வைத்து விற்றுவிடுகிற வாய். எக்ஸ்ரேக்காரருக்கு 'ராக்கோழி' என்று பெயர் வைத்த புண்ணியவானும் அவர்தான். ஒருமுறை கூடவே குவாரிக்கு வந்து, சிகரெட் பற்றவைத்து, போனை நோண்டி, நாற்பது படத்தைக் கெடுத்துவிட்டார். அதிலிருந்து அவருக்குத் தடை. வந்தாலும் வெளிச்சம் எதுவும் போடக்கூடாது என்று எக்ஸ்ரேக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவைத்திருந்தார்.

"இங்க யாரும் தூங்கலையேம்மா" என்றார்.

"விளையாடாதீங்க மாமா."

"நிஜமாத்தான். நான் தனியாத்தான் போனேன், தனியாத்தான் வந்தேன்."

அப்புறம் வந்த குரலில் சண்டைக்காரத்தனம் எல்லாம் வடிந்திருந்தது. "பத்தரைக்கு பைக்கை எடுத்துட்டுக் கெளம்பினாரு மாமா. ராக்கோழி குவாரியில தனியா உக்காந்திருக்கும், பின்னாடி போய் நின்னு 'ஹோ'ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு வரேன்னாரு. லைட் போட்டா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு இருட்டுலயே நடக்கப் போறேன்னு சிரிச்சாரு. நான் உங்க வீட்டுலயே படுத்துட்டாருன்னு நெனச்சேன். போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது."

எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே திரையில் அவருடைய பால்வீதி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. வலது ஓரம் கன்னங்கரேல் என்று அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"போலீசுக்குச் சொல்லும்மா" என்றார். "குவாரின்னு சொல்லு. ஹைவே பக்கம் பைக் நிக்குதான்னு பாக்கச் சொல்லு. தண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"நீங்க அவரைப் பாக்கவே இல்லையா மாமா?"

"பாக்கலை."

அது பொய் இல்லை. பார்க்கவில்லைதான்.

மனைவி போனை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள். எதிர்ப்பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது, ஆறு நிமிஷம் இருந்தது, அந்தப் படங்களை இப்போதுதான் அழித்தேன் என்று சொன்னார்.

"அப்புறம் அந்த லைட் என்னாச்சு?"

"தானா போயிடுச்சு."

இது பொய். சுத்தமான, கலப்படமில்லாத பொய்.

அந்தக் குவாரி ஒரே பள்ளம் இல்லை. முப்பது வருஷமாக ஆளாளுக்கு வெட்டி எடுத்ததில் பத்துப் பன்னிரண்டு குழிகள், குழிக்குள் குழிகள், இடையில் முள்புதர்கள். 'வலது ஓரத்தில்' என்று சொன்னால் அகன்ற லென்ஸில் அது அரைக் கிலோமீட்டருக்கு விரியும். எந்தக் குழி என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பதினான்கு படங்கள் வேண்டும். கம்ப்யூட்டரில் குப்பைத்தொட்டியிலும் தங்காதபடி அழித்தாயிற்று. அதற்கப்புறம் ஒரு மணி நேரமாகப் படங்களை அடுக்கி அடுக்கி, அந்தக் காலி இடத்தின்மேல் எத்தனை கோப்புகளை எழுதினாரோ தெரியாது. மிச்சம் இருப்பது கேமரா கார்டு. ஃபார்மட் செய்தால் படங்கள் உடனே செத்துவிடாது, மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை உள்ளேதான் கிடக்கும். அதன்மேல் இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுக்கவில்லை அல்லவா? காலையில் கேமராவைத் துடைத்தபோது சோதித்துப் பார்க்க ஒன்றிரண்டு தட்டினாரா இல்லையா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஞாபகமே வரவில்லை.

கார்டைச் செருகி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் என்று காட்டியது. அந்தப் பச்சைக் கோடு அட்டைப்பூச்சிகூட வெட்கப்படும் வேகத்தில் ஊர்ந்தது.

உள்ளதைச் சொன்னால், அந்த ஐம்பத்தெட்டு நிமிஷமும் அவருக்கு நரகம். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கருங்கல் பாறை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும். விழுந்தால் எந்த எலும்பு எப்படி ஒடியும், உள்ளே ரத்தம் கசிந்தால் படத்தில் எப்படி நிழல் கட்டும் என்பதும் தெரியும். வேறு ஒருவராக இருந்தால் பொதுவாகப் பயந்திருப்பார். இவருக்கோ இடுப்பெலும்பு, தொடையெலும்பு, மண்டையோடு என்று தனித்தனியாகப் பயம் வந்தது. கடவுளே, உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிய அதே மூச்சில் அடியிலிருந்து இன்னொரு பயம் தலைநீட்டியது. உயிரோடு இருந்தால் சொல்லிவிடுவாரே.

இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனால் அந்தப் பயம் இருந்தது. அவரும் அதை உணர்ந்து, தன் கன்னத்தில் தானே ஓங்கி ஒன்று அறைந்துகொண்டார். சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். கொசு என்றார்.

பன்னிரண்டே காலுக்குத் தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஹைவே பக்கம் பைக் கிடைத்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியபடி இருக்கிறது. ஆள் இல்லை. போலீஸ்காரர்கள் நாலு பேர் பைக்கைச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறார்கள். பதில் இல்லை.

"மாமா, நீங்க இருந்த எடத்துக்கும் பைக் நிக்கிற எடத்துக்கும் நடுவுல ஏழு குழி இருக்காம் மாமா. ஒவ்வொண்ணுலயும் கயிறு கட்டி எறங்கணுமாம். பொழுதுசாஞ்சிடும்னு சொல்றாங்க."

"பொழுதுசாயாது. நான் எடம் சொல்றேன். கொஞ்சம் பொறும்மா."

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு முதல் படம் மீண்டது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. நூற்று இருபத்தொன்று. நூற்று இருபத்திரண்டு. முதல் நான்கு படங்களில் வெறும் வெள்ளைப் பொட்டு. ஐந்தாவதைத் திறந்து, வெளிச்சத்தை ஏற்றி, இருட்டுக்குள் கிடந்ததை மேலே இழுத்தார். ஆஸ்பத்திரியில் மங்கலான படத்தில் விரிசல் தேடும்போது செய்கிற அதே காரியம்தான். வட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு வட்டம். இருபத்தைந்து விநாடி நேரம் ஒரு கை, போனைப் பிடித்துக்கொண்டு, விடாமல் சுற்றியிருக்கிறது. குடிகாரப் பையன் எவனும் அப்படிச் சுற்ற மாட்டான். அடுத்த படத்திலும் வட்டம். அதற்கடுத்ததிலும் வட்டம். போகப் போக வட்டம் சின்னதாகி, கோணலாகி, கை ஓய்ந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் இதையெல்லாம் வெறும் கிறுக்கல் என்று நினைத்து அழித்தவர், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினான்காவது படத்தில் பாதி வட்டம்தான் இருந்தது. மேலே ஏறி, வளைந்து, இறங்குகிற இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றிருந்தது. அவர் கத்திய விநாடி அது.

அந்தப் படத்தை மட்டும் மூடிவிட்டார். மற்ற பதின்மூன்றை வைத்துக்கொண்டு கணக்கில் இறங்கினார். வெளிச்சத்துக்கு நேர் மேலே, அடிவானத்தை ஒட்டி, மங்கலாக ஒரு நட்சத்திரம் இருந்தது. பெயர்கூட வைக்காத நட்சத்திரம், வான வரைபடத்தில் அதற்கு வெறும் எண்தான். ஆனால் பதினொன்று ஐம்பத்து நாலு மணிக்கு அந்த இடத்திலிருந்து பார்த்தால் அது எந்தத் திசையில் இருந்திருக்கும் என்பதை வரைபடம் டிகிரி சுத்தமாகச் சொல்லியது. இருநூற்றெட்டு டிகிரி. முக்காலி நின்ற இடத்திலிருந்து இருநூற்றெட்டு டிகிரியில் நேராகப் போனால் வெளிச்சம் இருந்த பாறை.

மனைவியை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டியது அவருக்கு ஞாபகமே இல்லை. குவாரியில் தீயணைப்பு வீரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். தங்கை அவரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ்கட்டியாக இருந்தது. எல்லாம் தெரிந்தவரிடம் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள். அந்த நம்பிக்கையை அவரால் தாங்க முடியவில்லை.

முக்காலியின் மூன்று கால்களும் பதிந்த குழிகள் மண்ணில் அப்படியே இருந்தன. முக்காலியை அதே குழிகளில் நட்டு, போனில் திசைகாட்டியைத் திறந்து, கையை நீட்டிக் காட்டினார். "அந்த மூணாவது புதருக்குக் கீழ. படி வெட்டின பாறை தெரியுது பாருங்க, அதுல எங்கயோ."

போலீஸ்காரர் ஒருவர் கண்ணைச் சுருக்கினார். "சார், அந்தப் புதர் மேல நாங்க ரெண்டு தடவை நடந்துட்டோம். கூப்பிட்டும் பாத்தோம். ஒரு சத்தமும் இல்ல."

"மேல நின்னு பாத்தா தெரியாது. பாறை முன்னாடி நீட்டிட்டிருக்கு. இங்கேருந்து பாத்தாத்தான் தெரியும்."

சொன்னதை அவரே மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். இங்கேருந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே இருந்து பார்த்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

வீரர்கள் சுற்றிக்கொண்டு போய்க் கயிறு கட்டி இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தங்கை அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்ரேக்காரர் தன் மூச்சை எண்ணினார். இழுத்தார், பிடித்தார், விட மறந்தார். அப்புறம் எதிர்ப்பக்கப் பாறையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கி ஆட்டுவது தெரிந்தது. கட்டைவிரல் மேல்நோக்கி இருந்தது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினார் போலீஸ்காரர்.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே இழுத்து, பைக் நின்ற பக்கம் ஆம்புலன்ஸ் அருகில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அங்கே ஓடினார்கள். எக்ஸ்ரேக்காரரும் ஓடினார், ஆனால் கடைசி ஆளாக. கல்லைச் சிரிக்க வைக்கிற அந்த வாய் வெடித்து, உப்புப் பூத்திருந்தது. வலது கால் தொடைக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தண்ணீரில் தோய்த்த பஞ்சால் உதட்டை நனைத்தார்கள். கண் மெதுவாகத் திறந்து ஒவ்வொரு முகமாகத் தேடி, கடைசியில் இவர் முகத்தில் வந்து நின்றது.

"ராக்கோழி" என்றார் சகலை. குரல் காற்றாக வந்தது. "நீ சத்தம் போட்டது கேட்டுச்சு."

தங்கை குனிந்தாள். "பேசாதீங்க. அப்புறம் பேசலாம்."

அவர் கேட்கவில்லை. சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை. "நானும் கத்திக் கத்திப் பாத்தேன். உனக்குக் கேக்கல போல. அப்புறம் லைட்டைச் சுத்தினேன். அணைன்னு நீ ஒரு சத்தம் போட்டே பாரு, எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி ஆயிடுச்சு. எடத்தை அடையாளம் கண்டுட்டான், எறங்கி வரான்னு அணைச்சுட்டு உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி போட்டுப் பாத்தா, சார்ஜ் செத்துப்போச்சு." மூச்சு வாங்கியது. "வழி தப்பிட்டியாய்யா? உனக்கு எதுவும் ஆயிடுச்சோன்னுதான் ராத்திரி பூரா பயந்துட்டு இருந்தேன்."

ஸ்ட்ரெச்சரை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ்காரர் ஒரு நிமிஷம் நின்றார். மனைவி மெதுவாகத் திரும்பி எக்ஸ்ரேக்காரரைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கை மட்டும் இன்னும் புரியாமல், புருஷன் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் சத்தம் போட்டது? மாமா, நீங்க அவரைப் பாக்கவே இல்லன்னு சொன்னீங்களே?"

ஆமாம், வழி தப்பிவிட்டேன் என்று சொன்னால் போதும். சகலையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். நம்பவும் தயாராக இருந்தார். எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறந்தார்.

"வழி தப்பலை" என்றார். "நான் வரவே இல்லை. என் படம் கெட்டுப்போகுதுன்னுதான் கத்தினேன்."

தங்கை நிமிர்ந்து ஸ்ட்ரெச்சரின் மறுபக்கம், அவருக்கும் புருஷனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். ஸ்ட்ரெச்சரை உள்ளே ஏற்றிவிட்டு, கூட வருகிறவர் ஒருவர் மட்டும் ஏறலாம் என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவள் ஏறினாள், கதவு சாத்தப்பட்டது.